கண்ணாடியாகிப்போன கோமு

கல்லும் புல்லும்கூட வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு மானின் கண்ணுக்குள் உயிரணுப் பெண்கள் சின்ன உருண்டையாக ஒட்டி வாழ்ந்தார்கள். எல்லோரும் குண்டு குண்டாக இருந்தார்கள். ஒவ்வொருத்திக்குள்ளும் ஒரு உட்கரு. அவள் பேரும் குணமும் நினைப்பும் அதற்குள்தான். இத்தனை பேர் வெளிச்சத்தை மறித்து நின்றால் மானுக்கு என்ன தெரியும்? வெறும் புகைமூட்டம்தான்.

உருண்டைக்கு முன்னால் இருந்த நீரில் வளர்ச்சிச் சத்து துளியூண்டு. அதைக் குடித்தால் ஒருத்தி இரண்டு பேராவாள், அவ்வளவுதான். பின்னால் இருந்த கூழிலோ விழித்திரை அந்தச் சத்தை அள்ளி அள்ளிக் கலந்து வைத்திருந்தது. குடித்தவள் நீண்டு கண்ணாடியாகிவிடுவாள் என்று பயந்து, அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. ஆனால் புதியவர்கள் பிறக்கப் பிறக்க, இருந்தவர்கள் விளிம்புக்கு நகர்ந்தே ஆக வேண்டும். வடிவும் அவள் தங்கை கோமுவும் அப்படித்தான் விளிம்புக்கு வந்திருந்தார்கள்.

ஒருநாள் மானுக்குச் சிறுத்தை வாடை அடித்தது. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"யக்கா, இந்த மான் செத்தா நாமளும் செத்தோம்லா?" என்றாள் கோமு.

"அதுக்கு நாம என்னட்டி செய்ய முடியும்?"

"நாமதானே மறிச்சுக்கிட்டு நிக்கோம்!" என்றவள் சட்டென்று பின்பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, அதுல வாய் வைக்காத!" வடிவு கத்தி முடிப்பதற்குள் கோமு கூழைக் குடித்துவிட்டாள்.

வடிவின் கண்ணெதிரே தங்கை நீண்டாள், நீண்டுகொண்டே போனாள். உடம்பு நூல் மாதிரி ஆகி, உள்ளே இருந்ததெல்லாம் தெளிந்தது.

"யக்கா, வெளிச்சம் என் வழியா போவுது. இது ஒண்ணுதான் மறிக்குது" என்று சொல்லி, தன் உட்கருவைத் தானே கரைத்தாள் கோமு.

"அடிப் பாவி! கோமு, என்னத் தெரியுதா? நான் வடிவுட்டி!"

உடம்பு அங்கேயே இருந்தது. கோமுவைத்தான் காணோம். வடிவு அலறிக்கொண்டு முன்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்களோ கோமு வழியாகப் பாய்ந்த வெளிச்சத்தைப் பார்த்து, ஒருத்தி பின் ஒருத்தியாகக் கூழைக் குடித்தார்கள்.

மான் புதருக்குள் இருந்த சிறுத்தையைப் பார்த்தது. ஒரே தாவல், தப்பியது.

அன்று முதல்தான் எல்லாக் கண்ணிலும் இந்த உருண்டையான விழிவில்லையின் முன்பக்கம் இருப்பவர்கள் வடிவைப் போலக் குண்டாகவே நிற்கிறார்கள். விளிம்பைத் தாண்டிப் பின்னால் போகிறவர்கள் நீண்டு, தெளிந்து, தங்களையே மறந்துவிடுகிறார்கள். நாம் யார் முகத்தைப் பார்த்தாலும், அக்காள் முகம் மறந்துபோன அந்தக் கோமுக்கள் வழியாகத்தான் பார்க்கிறோம்.