இல்லாத டிஸ்க்

பார்வையற்றோர் பள்ளியின் பிரெய்ல் அச்சு இயந்திரம் பழைய விண்டோஸில்தான் ஓடும். நாளை பரீட்சை. அந்த விண்டோஸைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்த இன்ஜினியர் பரஞ்சோதி, "ஹார்டு டிஸ்க்கே இல்லைன்னு வருது. வேற வாங்குங்க, ஒரு வாரமாகும்" என்று பையை மூடினார்.

அச்சு வேலை பார்க்கும் பார்வையற்ற மரகதவல்லி கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தாள். "டிஸ்க் சுத்துதே, சார்."

"விண்டோஸுக்குத் தெரியலையேம்மா!"

"எனக்கும்தான் நீங்க தெரியல, சார். அதுக்காக நீங்க இல்லைன்னு ஆயிடுமா? பழைய விண்டோஸ்ல இந்தப் புது டிஸ்க்கை அடையாளம் காட்டுற டிரைவர் புரோகிராம் கிடையாது. கம்ப்யூட்டரோட பயாஸ் செட்டிங்ல டிஸ்க்கைப் பழைய ஐடிஇ முறைக்கு மாத்துங்க."

மாற்றினார். திரையில் டிஸ்க் வந்தது.

மறுநாள் வினாத்தாள்கள் மீது குழந்தைகளின் விரல்கள் ஓடுவதைப் பரஞ்சோதி வாசலில் நின்று பார்த்தார். மரகதவல்லியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு நினைவு வந்தவராய், "கும்பிடுறேம்மா" என்று வாய்விட்டும் சொன்னார்.