சாய்ந்து போன தெப்பம்

ஏரிக்கரை மேட்டில் ஒரு தாழம்புதர். அதில் ஒரு கானாங்கோழி குடியிருந்தது. மேட்டுக்குக் கீழே, தண்ணீர் ஓரமாக, முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை தன் பெண்டாட்டியோடு வாழ்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கானாங்கோழிக்கு வாய்த்தது நல்ல நீளக் கால். ஒரே ஓட்டத்தில் மேடேறிவிடும். முக்குளிப்பானுக்கோ கால் வால்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் முழுகினால் மீனே தோற்றுப்போகும். தரையில் நாலடி வைத்தால் குப்புற விழும்! அதனால் பாவம், தண்ணீர் ஓரத்திலேயே முட்டையிடும். மழை வரும், ஏரி ஏறும், முட்டை போய்விடும். வருஷா வருஷம் இதே கதை.

"காலை வச்சிக்கிட்டு நடக்கத் தெரியாத ஜென்மம் உண்டா!" என்று கானாங்கோழி மேட்டிலிருந்து சிரிக்கும். "என் பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இந்தப் புதர்ல தண்ணி ஏறினதில்ல. உனக்குன்னு ஒரு மேடு இல்லையே!"

அந்த வருஷமும் முட்டை போனது. பெண் முக்குளிப்பான் அழுது தீர்த்தது. பிறகு புருஷனைக் கூப்பிட்டது.

"ஏங்க, நம்மால மேட்டுக்குப் போக முடியாது. தண்ணி ஏறுறதை நிறுத்தவும் முடியாது. கூடும் தண்ணியோட சேர்ந்து ஏறினா?"

"அடியே, கூடு எங்கேயாவது ஏறுமா? கிறுக்குப் பிடிச்சிடுச்சா உனக்கு!"

"மிதக்கிற பாசி ஏறுதே! அதைப் பார்த்துத்தான் சொல்றேன்."

அடுத்த மழைக்கு முன்பே இரண்டும் வேலையில் இறங்கின. காய்ந்த கோரையையும் பாசியையும் அடுக்கி ஒரு தெப்பம் கட்டின. காற்று அடித்தது. தெப்பம் ஏரி நடுவே போய்விட்டது. அதைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு நாணலோடு இறுக்கிக் கட்டின. முதல் மழையில் தண்ணீர் ஏறியது. இறுகிய கட்டு தெப்பத்தை ஏற விடவில்லை. தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்து முழுகியது. நல்லவேளை, முட்டை இன்னும் இடவில்லை.

"போதும்டி! அதை அவிழ்த்து விட்டுத் தொலை!" என்றது ஆண்.

"இருக்கட்டுங்க. எங்கே தப்புன்னு அதைப் பார்த்தாத்தானே தெரியும்!"

பார்த்தது. பொழுதெல்லாம் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கட்டு இருக்க வேண்டும், ஆனால் இறுகக்கூடாது. அவ்வளவுதான் சங்கதி! இரண்டும் சேர்ந்து புதுத் தெப்பம் ஒன்று கட்டின. நாணல்களைச் சுற்றித் தளர்வாக வளையம் போட்டு அதை மாட்டின. காற்று அடித்தால் நாணல் விடாது. தண்ணீர் ஏறினால் வளையமும் வழுக்கிக்கொண்டு ஏறும். சாய்ந்த தெப்பத்தை அவிழ்த்துப் பக்கத்திலேயே நாணல்களுக்கு நடுவே ஒதுக்கி வைத்தன.

"குப்பைமேல குடித்தனமா!" என்று கானாங்கோழி விழுந்து விழுந்து சிரித்தது.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மேலே இருந்த ஏரி உடைந்து, அந்த வெள்ளமெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. முக்குளிப்பான் புதுத் தெப்பத்தில் இட்ட முட்டைகள் தண்ணீரோடு சேர்ந்து பத்திரமாக ஏறின. ஆனால் மேட்டிலேயே தண்ணீர் ஏறிவிட்டது! கானாங்கோழிக்கு ஓடத் தெரியும். முட்டைக்கு ஓடத் தெரியாதே!

"ஐயோ, என் முட்டை! யாராவது வாங்களேன்!" என்று அது அலறியது.

"சிரிச்ச வாய்தானே, கத்தட்டும்!" என்றது ஆண் முக்குளிப்பான்.

"முட்டை போற வலி எனக்குத் தெரியுங்க. வாங்க!"

சாய்ந்த தெப்பத்தின் தாழ்ந்த பக்கத்தில் பாசியைத் திணித்துச் சமன் செய்தன. நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டே தாழம்புதர் வரைக்கும் கொண்டுபோயின. கானாங்கோழி முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் உருட்டிவிட்டது. பெண் முக்குளிப்பான் ஒரு தாழைத் தண்டில் தளர்வாக வளையம் போட்டது. தண்ணீர் ஏற ஏறத் தெப்பமும் ஏறியது. ஒரு முட்டைகூட நனையவில்லை.

வெள்ளம் வடிந்தபோது கானாங்கோழி தலை குனிந்து கேட்டது: "இந்தக் கெட்டிக்காரத்தனம் உனக்கு எங்கேருந்தும்மா வந்தது?"

"எனக்குன்னு ஒரு மேடு இல்லையே, அக்கா!" என்றது பெண் முக்குளிப்பான்.

மனிதர் கதையும் இதுதான்: மேட்டிலேயே பிறந்தவருக்குத் தெப்பம் கட்டத் தோன்றாது, கஷ்டத்தில் அழுது, அழுத பிறகு அந்தக் கஷ்டத்தையே உற்றுப் பார்த்தவர்தான் ஊருக்கெல்லாம் உதவும் புது வித்தையைக் கண்டுபிடிக்கிறார்.