புள்ளி நாலு சென்ட்

"டீச்சர், என் தங்கச்சி என்னை ஏமாத்திட்டா. எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுங்க."

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த பியூலா டீச்சர் திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஆவுடையம்மாள் நின்றாள். டீச்சரைவிட இருபது வயது மூத்தவள். இடுப்பில் வெறும் பூக்கூடை.

"எவ்வளவு ஏமாத்துனாங்க?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வாறேன்?"

டீச்சர் ஒரு பெஞ்சைக் காட்டினாள். ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் நெஞ்சில் இடித்தது.

விஷயம் இதுதான். அப்பா விட்டுப்போன மல்லிகைத் தோட்டம். மேற்பக்கம் ரோடு, கீழ்ப்பக்கம் வாய்க்கால். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து நின்று, கண்ணளவில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு மூலையும் பிசகாத நீள்சதுரம். அது தங்கை கோமதிக்கு. அந்தப் பக்கம் வாய்க்காலோரமாகவே ஓடி, போகப் போகக் கூம்பி, கடைசியில் ஒரு ஆள் நிற்க இடமில்லாமல் முடிந்துபோகும் முக்கோணம். அது அக்கா ஆவுடையம்மாளுக்கு.

அன்றைக்கே ஆவுடையம்மாள் உடைமுள் வெட்டிக் கோட்டின்மேல் வேலி போட்டாள். அன்றைக்கே பேச்சும் நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் போய்விட்டது.

"சர்வேயரைக் கூப்பிட்டா ஒரு நாள்ல சொல்லிருவாரே, அக்கா?"

"அவரு சொல்லுவாரு. நான் நம்பணும்லா? நானே போட்டுப் பாக்கணும். அவ மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

டீச்சர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நாளையிலிருந்து வாங்க."

*

முதல் நாள் டீச்சர் நிலத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

"ஒருத்தர் 0.5 லிட்டர் எண்ணெய் தர்றார். இன்னொருத்தர் 0.35 லிட்டர் தர்றார். யார் தர்றதை வாங்குவீங்க?"

"ரெண்டாவது ஆளு. அவருதான முப்பத்தஞ்சு தாறாரு."

டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கோடு போட்ட கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, குழாயடியைக் காட்டினாள்.

ஆவுடையம்மாள் போய் 0.35 கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்தாள். கொட்டினாள். 0.5 கோடு வரைக்கும் பிடித்தாள். அதைக் கொட்டவில்லை. குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"அஞ்சு எப்படி டீச்சர் முப்பத்தஞ்சை ஜெயிக்கு?"

"எது எங்க நிக்குதுன்னு பாருங்க."

ஆவுடையம்மாள் வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

*

அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்கில் வருகிற ஆட்களை விட்டு நகர முடியவில்லை, அதுதான் சங்கடம்.

"கமலாவும் விமலாவும் 4.5 மீட்டர் துணியைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு எத்தனை மீட்டர்?"

"ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

"இருக்கலாம்."

"அப்போ மூத்தவ கொறச்சு எடுத்திருப்பா."

"ஏன்?"

"ஏன்னா?" ஆவுடையம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "சின்னவளுக்குப் பாவாடை சுத்தி நல்லா விரியணும்லா. ஒரு கோயில் கொடைக்கு அய்யா ஒரே சீட்டித் துணியில ரெண்டு பேருக்கும் எடுத்தாரு. கோமு ராட்டினம் மாதிரி சுத்திக் காட்டுவா. துணி பத்தலன்னா அழுதிருவா. நான் என்னோடதுல ஒரு சாண் வெட்டிக் குடுத்தேன். எனக்கு முட்டிக்குக் கீழ வரல. அம்மை வைதா."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல.

டீச்சர் சிலேட்டைத் தட்டினாள்.

"கணக்குல சமம்னு போட்டிருக்கு, அக்கா."

ஆவுடையம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு வகுத்தாள். 2.25.

"சரியா டீச்சர்?"

"சரி."

"பாவம், அந்தச் சின்னவ" என்றாள் ஆவுடையம்மாள்.

*

நீள்சதுரம் வந்தது. நீளத்தை அகலத்தால் பெருக்கு. ஆவுடையம்மாள் வீட்டுக் கதவை அளந்தாள், கட்டிலை அளந்தாள், முறத்தைக்கூட விடவில்லை. பூ வாங்க வருகிறவர்களிடம் அவர்கள் வீட்டு முற்றம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டாள்.

முக்கோணம் வந்தபோது முகம் மாறியது.

"இதுதான் டீச்சர் என் தலையில விழுந்தது."

டீச்சர் பழைய நாளிதழ் ஒன்றிலிருந்து நீள்சதுரமாக ஒரு துண்டு கிழித்தாள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே மடித்து, மடிப்பில் கத்தரித்தாள். இரண்டு முக்கோணம். ஒன்றை ஆவுடையம்மாளிடம் நீட்டினாள். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள்.

"எது பெருசு?"

ஆவுடையம்மாள் இரண்டையும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். ஓரம் பிதுங்கவில்லை. திருப்பி வைத்தாள். சேர்த்து வைத்தாள். பழையபடி நீள்சதுரம்.

"அப்போ பெருக்கிட்டுப் பாதி போடணும். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா பயந்தேன்" என்றாள். டீச்சர் கேட்காமலே, கூடையின் அடியில் வாழையிலையில் பொதிந்து வைத்திருந்த ஒரு முழம் பூவை எடுத்து டீச்சர் தலையில் வைத்துவிட்டாள்.

*

நிலத்தை அளக்க நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சனிக்கிழமை டீச்சரே வந்தாள்.

வாய்க்கால் ஓரம், முக்கோணத்தின் நீளம், இருநூற்று ஐந்தரை அடி. வேலி எழுபத்தெட்டு அடி. இனி கோமதியின் பக்கம். ஆவுடையம்மாள் வேலி மூலையிலேயே நின்று முனையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதி செடிகளுக்கு நடுவில் களை பறித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் நாடாவோடு உள்ளே வருவதைப் பார்த்து எழுந்தாள். தடுக்கவில்லை. வழியில் கிடந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

ரோட்டோரம் நூறரை அடி. அகலம் அதே வேலிதான், எழுபத்தெட்டு.

நாடாவைச் சுருட்டும்போது கோமதி டீச்சரிடம் சொன்னாள். கண் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

"அந்தக் கூம்புன மூலையில பாம்பு கிடக்கு டீச்சர். ரெண்டு நாளா பாக்கேன். கம்பால தட்டிட்டுக் கால் வைக்கச் சொல்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆவுடையம்மாளின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்னு சொல்லுங்க டீச்சர்."

"தெரிஞ்சவங்க ஏன் நேத்து வெறுங்கால்ல போனாங்கன்னு கேளுங்க டீச்சர்."

"என் நெலம், என் கால்னு சொல்லுங்க."

நடுவில் டீச்சர் நாடாவோடு நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

அன்றைக்கு ஆவுடையம்மாள் அந்த மூலைக்குப் போகும்போது கையில் கம்பு இருந்தது.

*

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள். டீச்சர் ஜன்னலோரம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

கோமதிக்கு நூறரையை எழுபத்தெட்டால் பெருக்கினாள். 7839 சதுர அடி.

தனக்கு இருநூற்று ஐந்தரையை எழுபத்தெட்டால் பெருக்கிப் பாதி போட்டாள்.

சுண்ணாம்புக்கட்டி நின்றது.

எச்சில் தொட்டு அழித்தாள். மறுபடி பெருக்கினாள். மறுபடி பாதி. மறுபடி அதே எண். 8014.5.

"டீச்சர், ஒரு சென்டுக்கு எத்தனை சதுர அடி?"

"நானூத்தி முப்பத்தஞ்சு புள்ளி ஆறு."

"இந்தப் புள்ளி ஆறை எவன் வச்சான்?"

"வெள்ளைக்காரன் வச்சுட்டுப் போனது."

வியர்க்க வியர்க்க வகுத்தாள். கோமதியினுடையது பதினேழு புள்ளி தொண்ணூற்றொன்பது சொச்சம். "பதினெட்டுன்னே வச்சுக்கலாம்" என்றாள் டீச்சர், தலை நிமிராமல்.

தன்னுடையது பதினெட்டு புள்ளி நாலு.

சிலேட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தாள்.

"எங்கயோ தப்புப் போட்டிருக்கேன். எங்கன்னு காட்டுங்க."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். வரி வரியாகப் பார்த்தாள். பெருக்கலைப் பார்த்தாள், பாதியைப் பார்த்தாள், வகுத்ததைப் பார்த்தாள். சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பு இல்ல."

"நல்லாப் பாருங்க டீச்சர்."

"பாத்துட்டேன் அக்கா."

ஆவுடையம்மாள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"டீச்சர். கோமுவோடது முழுப் பதினெட்டு இல்லையே. கொஞ்சம் கொறச்சல். நீங்கதான பதினெட்டுன்னு வச்சுக்கிடச் சொன்னீங்க?"

"ஆமா."

"அஞ்சுக்குக் கீழ இருந்தா புள்ளிக்குப் பின்னால உள்ளத விட்டுரலாம்னும் நீங்கதான சொன்னீங்க. என்னோடதையும் பதினெட்டுன்னு வச்சா? ரெண்டும் ஒண்ணாயிருமே."

"வைக்கலாம்."

ஆவுடையம்மாள் மூச்சு விட்டாள்.

"உங்க தங்கச்சிக்குப் பதினெட்டு புள்ளி நாலு வந்து, உங்களுக்குப் பதினெட்டு வந்திருந்தா, அப்பவும் அப்படியே வச்சிருப்பீங்களா?"



டீச்சர் பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தாள்.

ஆவுடையம்மாள் பெஞ்சுக்குத் திரும்பிப் போனாள். முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தாள். இரண்டு பொங்கலாக ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், என் தங்கச்சி என்னை ஏமாத்திட்டா என்று. பூ வாங்க வந்தவர்களிடம் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னாள். கோமதி மகளுக்குக் காது குத்தினாள். தாய்மாமன் இல்லாத வீட்டில் பெரியம்மா மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு ஆவுடையம்மாள் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்துக்கிடந்தாள். மேளச் சத்தம் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிலேட்டில் இடமில்லை. அழித்தாள். யாரும் சொல்லாமலே ஒரு புதுக் கணக்கை ஆரம்பித்தாள்.

பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தாள். 175.5.

அதை அப்படியே கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தாள். முழுசும் கொடுத்தால் அவளுக்குக் கூடிவிடும். சமமாக வேண்டுமென்றால் பாதி. 87.75.

வேலியின் நீளம் எழுபத்தெட்டு. வகுத்தாள். ஒன்று புள்ளி ஒன்று இரண்டு ஐந்து.

"டீச்சர், புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சு அடின்னா எத்தனை அங்குலம்?"

"பன்னெண்டால பெருக்குங்க."

பெருக்கினாள். ஒன்றரை.

எழுந்து, சிலேட்டை மேசைமேல் வைத்தாள். டீச்சர் அதைப் பார்த்தாள். இது தான் கொடுத்த கணக்கு இல்லை. இருக்கையிலிருந்து எழுந்து நின்றாள். ஆவுடையம்மாளின் இரண்டு கையையும் பிடித்தாள். கை முழுக்கச் சுண்ணாம்பு.

"இனி நீங்க வர வேண்டாம் அக்கா" என்றாள்.

*

மறுநாள் விடிந்தும் விடியாமல் ஆவுடையம்மாள் கடப்பாரையோடு தோட்டத்துக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் கோமதி குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"கோமு."

கோமதி நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"எனக்குத்தான் கூட. பதினெட்டு புள்ளி நாலு சென்ட். உனக்குப் பதினெட்டு."

"யாரு சொன்னா?"

"நானே போட்டேன்."

இப்போது கோமதி நிமிர்ந்தாள்.

"யாரு, நீயா? ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பயந்து வைக்கோல் படப்புக்குள்ள ஒளிஞ்சவ நீ."

"ஆமா. நான்தான்." ஆவுடையம்மாள் கடப்பாரையைத் தரையில் ஊன்றினாள். "ஊரெல்லாம் உன்னை என்னென்னவோ சொன்னேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி மாத்திச் சொல்லிருதேன். முதல்ல இதைச் செய்யணும். வேலிய ஓரடி ஒன்றரை அங்குலம் என் பக்கம் தள்ளணும், அப்பதான் ரெண்டும் சமம். பிடுங்கித் தள்ளி நட்டுருதேன்."

கோமதி மடியிலிருந்த மொட்டுகளைக் கூடையில் கொட்டினாள். சேலையை உதறிக்கொண்டு வேலிப் பக்கம் வந்தாள். ரோட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் அந்த முள் வரிசையை ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாத்தையும் பிடுங்கணுமா?"

"எல்லாத்தையும்தான்."

"பிடுங்கினப்புறம் எதுக்குக்கா நடணும்?"