பறக்காத பறவை எது?

ஓர் ஊரின் கிளை நூலகத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் நூற்றுச் சொச்சம் வினாடி வினா அட்டைகள் குடியிருந்தன. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஒரே அட்டையில் வாழ்ந்தும் கேள்வியும் விடையும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்ததே இல்லை.

அவற்றில் 'பறக்காத பறவை எது?' என்ற கேள்விக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. பாதிப் பேரைக் கவிழ்த்துவிடும் கேள்வி என்று அதற்குப் பெயர். அதை வைத்துக்கொண்டு பெட்டிக்குள் அது பண்ணிய அலட்டல் தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிலோமினா முதன்முறையாகப் போட்டிக்கு வந்தாள். நூலகர் பூபாலன் அந்த அட்டையை வாசித்ததும் அவள் முகம் மலர்ந்தது. பென்குயின் என்றாள். பூபாலன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நெருப்புக்கோழிதான் விடை, மதிப்பெண் கிடையாது என்றார். யாரோ சிரித்தார்கள். அதன்பிறகு போட்டி முடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

பெட்டியை மூடியதும் கேள்விக்கு இருப்புக்கொள்ளவில்லை. பென்குயினும் பறக்காதுதானே என்று விடையிடம் கேட்டது.

"பறக்காதுதான். ஆனா என்கிட்ட இருக்கிறது ஒரே பேரு. நீ பொதுவா கூப்பிட்டா பத்துப் பேர் வரத்தான் செய்வாங்க. ஒருத்தரை உள்ளே விட்டுட்டு மத்தவங்களை நான் விரட்டவேண்டியிருக்கு" என்றது விடை. அதன் குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது.

அதுவரை கேள்வி தன்னைக் கஷ்டமான கேள்வி என்றே நினைத்திருந்தது. கஷ்டமுமில்லை ஒன்றுமில்லை, கேட்கவேண்டியதை முழுசாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தால் அழுகையே வந்தது.

பெட்டியின் மூலையில், மதிப்பெண் குறிக்கும் பென்சில் படுத்திருந்தது. தன்மேல் இரண்டு சொல் எழுதச் சொல்லிக் கேள்வி கெஞ்சியது. பென்சில் தயங்கியது. கிறுக்கல் விழுந்த அட்டைகளைப் பூபாலன் கிழித்துப்போட்டதை அது பார்த்திருக்கிறது.

"கிழிச்சா கிழிக்கட்டும். அந்த அக்கா இன்னொரு தடவை வாய் திறக்கணும்" என்றது கேள்வி.

பென்சில் எழுந்து, 'பறக்காத' என்பதற்கும் 'பறவை' என்பதற்கும் நடுவே 'மிகப் பெரிய' என்று எழுதியது.

அடுத்த ஞாயிறு பிலோமினா வந்தாள், ஆனால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பூபாலன் கைக்கு அதே அட்டை வந்தது. பென்சில் எழுத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். கேள்வி கண்ணை மூடிக்கொண்டது. அவர் கிழிக்கவில்லை, புதுச் சொற்களையும் சேர்த்தே வாசித்தார். நெருப்புக்கோழி என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

பிலோமினா எழுந்து நின்றாள்.

"அப்போ போன வாரம் நான் சொன்னது, தம்பி?"

பூபாலன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான்க்கா. கேள்விதான் தப்பு."

அத்தனை பேர் முன்னால் தப்பென்று பெயர் வாங்கிய அந்தக் கேள்விக்கு, அன்றைக்கு வந்த சந்தோஷம் அதுவரை வந்ததே இல்லை.