பலாக்காய்க் குழம்பும் ஈஸ்டர் லீவும்

பண்ணையார் இன்னாசிமுத்து வீட்டில் சமையல் செய்தவள் சலேத்தம்மாள். மூன்று வயதில் அக்காள் வீட்டில் விட்டுவந்த மகளைப் பார்த்து அவளுக்கு இரண்டு வருஷமாகிவிட்டது. ஈஸ்டருக்கு லீவு கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை பங்குச்சாமியார் சாப்பிட வர்றார். சுத்தபோசனம், கறி கூடாது. ஆனா குழம்புல கறி ருசி இருக்கணும். இருந்தா போ” என்றார் பண்ணையார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்கக் கறியே தொடமாட்டேன் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவர் அவர்.

சலேத்தம்மாள் பிஞ்சுப் பலாக்காயை வெட்டி, மிளகும் சோம்பும் தேங்காயும் அரைத்துக் குழம்பு வைத்தாள். வெள்ளிக்கிழமை சாமியாரோடு பந்தியில் உட்கார்ந்த பண்ணையார் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனாலும் லீவு கொடுக்க மனம் வரவில்லை.

“கறி ருசி வரலையே” என்றார்.

“எந்தக் கறி மாதிரி வரலைங்க ஐயா? சொன்னா திருத்திக்கிறேன்.”

“நேத்து வச்சியே ஆட்டுக்கறி, அது மாதிரி வரலை!”

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். பண்ணையாரின் முகம் வெளுத்தது.

“ரெண்டு வாரம் இருந்துட்டே வா” என்று முணுமுணுத்தார்.

சலேத்தம்மாள் மறுநாளே பஸ் ஏறினாள். அக்காள் வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள்.

“யாரு வேணும்?” என்று கேட்டாள்.

சலேத்தம்மாள் மண்ணில் முழங்காலிட்டுக் கைகளை நீட்டினாள். பிள்ளை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, மெதுவாக ஓர் அடி எடுத்து வைத்தாள்.