ஒரு குடிக்கு ஒரு ஓலை

வெண்கரைப் பட்டினத்துல கோதண்டவர்மன்னு ஒரு ராஜா இருந்தாரு. நல்ல மனுஷன். ஆனா வாய் மட்டும் சும்மா இருக்காது. பேசறதைச் சொல்லல, குடிக்கறதைச் சொல்றேன்! எந்திரிச்சா பதநி. வெயில் ஏறினா மோரு. சாப்பிட்டா பானகம். தூங்கி முழிச்சா நன்னாரி சர்பத்து. அவரு நடந்து வந்தா வயித்துக்குள்ள 'களக் களக்'னு கேக்கும். வாசல்ல தூங்கற காவக்காரன் அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஈட்டியை நிமித்துவான்.

இவரோட மச்சானுக்குக் கல்யாணம். மச்சான் இருக்கறது தூரத்துத் தீவுல. கப்பல்ல எட்டு நாள் போகணும். ராணி, குருக்கள், மேளக்காரங்கன்னு மொத்தம் அறுபது பேர் மூட்டை முடிச்சோட துறைக்கு வந்துட்டாங்க.

கப்பல் முதலாளி பேரு ஆழியப்பன். ஆளு மூக்காலயே பேசுவாரு.

"வாங்ங்க மகாராஜா, வாங்ங்க! அந்தப் பானை எல்லாம் கரையிலயே வச்சிருங்ங்க. வெளித் தண்ணி என் கப்பல்ல ஏறாது."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "பானையை எறக்கினா எட்டு நாளும் நான் எதைய்யா குடிப்பேன்?"

"எங்ங்கிட்ட இல்லாததா? கோப்பைக்கு ஒரு வெள்ளிக்காசு. அது கட்டாதுன்னா குடி ஓலை வாங்ங்கிக்குங்ங்க. ஓலைக்கு நூறு பொன். எட்டு நாளும் மோரு, பானகம், சர்பத்து, கேட்டது கேட்டபடி ஊத்துவோம்."

ராஜா நாக்கு வெளிய வந்து உதட்டை ஒரு சுத்து சுத்திட்டுப் போச்சு. "ஒண்ணு குடுய்யா!"

"ஒண்ணா? அதெப்படிங்ங்க? ஒருத்தர் வாங்ங்கினா அறுபது பேரும் வாங்ங்கணும். எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்ங்க. ஒருத்தர் குடிக்க இன்னொருத்தர் எச்சி முழுங்ங்கலாமா? பாவமில்ல?"

அறுபது ஓலைன்னா ஆறாயிரம் பொன். கல்யாணச் சீருக்குன்னு பெட்டில வச்சிருந்ததே அவ்வளவுதான்! ராணி ராஜாவை ஒரு பார்வை பாத்தாங்க. ராஜா உடனே திரும்பி, "எங்கடா கொழுந்தப்பன்?"ன்னாரு.

கொழுந்தப்பன் சபையில சிரிக்க வைக்கற ஆளு. வெத்தலையை விடக் கனமா எதையும் தூக்கினதே இல்ல.

"கொழுந்தப்பா, நங்கூரம் தூக்கறதுக்குள்ள சொல்லு. ஓலை வாங்கலாமா, வேணாமா? வாங்கச் சொல்லி, நான் மச்சான் முன்னாடி வெறுங்கையோட நின்னேன்னா எட்டு நாளும் நீதான் துடுப்புப் போடணும். வேணாம்னு சொல்லி என் நாக்கு வறண்டாலும் நீதான் துடுப்பு!"

"அப்ப துடுப்பை இப்பவே குடுத்துருங்களேன் மகாராஜா, எதுக்கு வீணா யோசனை?"

"யோசிடா!"

கொழுந்தப்பன் மெதுவா முதலாளிகிட்டப் போனான். அவரு மாதிரியே மூக்கால ஆரம்பிச்சான்.

"முதலாளி, ஓலையைக் கொஞ்சம் காட்டுங்ங்க."

"என்னைக் கிண்டல் பண்றியாய்யா?"

"இல்லீங்ங்க, கடல்காத்து! மூக்கு அடைச்சிருச்சு."

ஓலையை வாங்கி ஊருக்கே கேக்கற மாதிரி படிச்சான். "ஒரு குடிக்கு ஒரு ஓலை. விலை நூறு பொன். கேட்டதெல்லாம் ஊத்தப்படும். இது நீங்க எழுதினதுதானே?"

"நானே எழுதினது!"

"குடின்னா என்னங்க?"

"இது தெரியாதா? குடிக்கற ஆளு! ஆளுக்கு ஒரு ஓலை."

"சரியாப் போச்சு! ராணியம்மா விரதம். குருக்கள் வெளில பச்சத்தண்ணி தொடமாட்டாரு. மேளக்காரங்களைப் பாருங்க, கப்பல் ஆடறதுக்கு முன்னாடியே வயித்தைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. மிச்சப் பேருக்கும் தாகம் இல்லையாம். குடிக்கற ஆளு ராஜா ஒருத்தர்தான். இந்தாங்க நூறு பொன்."

முதலாளி குதிச்சாரு. "முடியாது, முடியாது! குடிச்சாலும் குடிக்காட்டியும் எல்லாரும் சேத்திதான். ஒரே வீட்டு ஆளுங்ங்கன்னு அப்பவே சொன்னேனே!"

"ஒரே வீடா?"

"ஒரே வீடு!"

"சத்தியமா?"

"எங்ங்கம்மா சத்தியமா!"

"ஒரே வீடுன்னா ஒரே குடிதானேங்க? ஒரு குடிக்கு ஒரு ஓலை. இந்தாங்க அதே நூறு பொன். அறுபது பேருக்கும் ஊத்துங்க!"

முதலாளி ஓலையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எந்தப் பக்கம் இழுத்தாலும் நூறுதான் வருது! கூட்டத்துல இருந்தவங்களுக்கு அந்த நிமிஷமே தாகம் வந்துருச்சு. அறுபது பேரும் கோப்பையோட வரிசை கட்டினாங்க. பின்னாலயே பன்னெண்டு மாலுமிங்க வந்து நின்னாங்க.

"நீங்ங்க எதுக்குடா?"

"நாங்களும் வெண்கரைக்காரங்கதானே முதலாளி. ராஜாவோட குடிங்க!"

"அடப்பாவிகளா! இப்படியே போனா ஊரே வந்து நிக்குமேடா!" மனுஷன் மாரைத் தட்டினாரு. "என்னைப் பாருங்ங்கடா! கடல்ல பொறந்து கடல்ல வளந்தவன். நான் எந்த ராஜாவுக்கும் குடி இல்ல! இல்ல! இல்லவே இல்ல!"

கத்தின கத்துல தொண்டை கட்டிப்போச்சு. 'லொக்கு லொக்கு'னு இருமிக்கிட்டே மோர்ப் பானைக்குக் கையை நீட்டினாரு. கொழுந்தப்பன் சட்டுனு பானை வாயைப் பொத்தினான்.

"மன்னிக்கணும் முதலாளி. இது ராஜாவோட குடிங்களுக்கு ஊத்தற மோரு. நீங்கதான் யாருக்கும் குடி இல்லைன்னுட்டீங்களே. குடி இல்லாதவருக்கு ஏதுங்க குடி?"

ராஜா சிரிச்ச சிரிப்புல சர்பத்து மூக்கு வழியா வந்துருச்சு. கழுத்துல கெடந்த முத்துமாலையைக் கழட்டிக் கொழுந்தப்பன் கழுத்துல போட்டாரு. "எட்டு நாளும் நீ என் பக்கத்துல உக்காருடா. உனக்கு ஊத்தினதுக்கு அப்புறம்தான் எனக்கு!"

முதலாளி இருமி இருமிக் கண்ணுல தண்ணி. கடைசில ராஜா முன்னாடி வந்து கும்பிட்டு நின்னாரு. தொண்டை கட்டினதுல அந்த மூக்குக் குரல்கூடக் காணோம்.

"மகாராஜா... எங்க தாத்தா வெண்கரைதான். ஒரு வாய் மோர் ஊத்தச் சொல்லுங்க!"