இரவல் போன கைகள்

கை, மூக்கு, கொடுக்கு எல்லாவற்றையும் காதுத் தோடு மாதிரிக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்த அந்தக் காலத்தில், மண்புழுவுக்கு இரண்டு கைகள் இருந்தன. சிரிக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் தவளையிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அதுவும் அன்றைக்கு அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அப்போது அவனுக்கு மண்புழு என்ற பெயர் கிடையாது. பத்துவிரலான் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தூறல் விழுந்ததும் வளையை விட்டு வெளியே வந்து, மழை ஓய்கிறவரை கைதட்டுவான். அதைத் தவிர அவனுக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, சடைச்சி என்றொரு பெண் அந்தக் கரையில் வந்து ஒதுங்கினாள். புருஷனை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அவன் எடுத்துவைத்திருந்த அவரை விதை ஒரு பிடி, அவள் மடியில் மிச்சமிருந்தது. தோட்டவேலை அதுவரை அவன் பாடு. அவளுக்கு விதையின் தலை எது கால் எது என்றுகூடத் தெரியாது.

"எனக்குக் கருவி வேணும். என்ன வேணும்னுதான் தெரியலை" என்று நின்றாள்.

கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். காட்டுப்பன்றி தன் மூக்கைக் கழற்றி நீட்டியது. "ஒரே இழுப்புதான் தாயி, பாரு!" ஒரே இழுப்பில் ஆள் இறங்கும் பள்ளம் விழுந்தது.

"நான் அவரை போடக் கேட்டேனப்பா. கிணறு வெட்டக் கேக்கலை."

யானை தும்பிக்கையைத் தந்தது. அது ஒரு தும்மல் தும்மியதில் பாத்தியே ஆற்றோடு போயிற்று. கடைசியில் கிள்ளுவதற்கு நண்டின் கொடுக்கையும், தண்ணீர் தெளிக்க ஓட்டை போட்ட சுரைக்குடுக்கையையும் எடுத்துக்கொண்டாள். இரண்டும் அவள் கைக்குள் அடங்கின. மண்ணைக் கிளறத்தான் ஒன்றும் அமையவில்லை.

உச்சிவேளையில் கூழ் குடிப்பாள். குடித்த மிச்சத்தைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பத்துவிரலானின் வளை வாசலில் வைப்பாள். "அண்ணே, கூழ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவனை அண்ணே என்று கூப்பிட அதற்கு முன் யாரும் இருந்ததில்லை. குடித்த நன்றிக்கு, அவள் ஊன்றிய ஒரு விதையைச் சுற்றி விரல்களால் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவைத்தான். அந்த ஒரு விதைதான் முளைத்தது.

சடைச்சி அவன் கைகளையே பார்த்தாள். "அண்ணே, இதை எனக்கு இரவல் தாங்களேன்."

"கையில்லாம நான் என்ன பண்ணுவேன் தங்கச்சி?"

"முதல் மழை வரைக்கும்தான். மழை விழுந்து மண் இளகிட்டா எனக்கு எதுக்கு? நானே கொண்டாந்து மாட்டிவிடுறேன்."

நண்டு பக்கவாட்டில் வந்து அவன் காதைக் கடித்தது. "டேய், கொடுக்காதேடா."

"நீ மட்டும் கொடுத்தியே?"

"எனக்கு வேற முளைக்கும். உனக்கு முளைக்குமா?"

பத்துவிரலான் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு தரம், மெதுவாக, தட்டிக்கொண்டான். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டான்.

சடைச்சியைக் குறை சொல்லக் கூடாது. வேப்பங்குச்சியில் அந்தக் கைகளைக் கட்டி, மண் கிளறுகிற கொத்தாக்கிக்கொண்டாள். பொழுது சாய்ந்ததும் மண் போகக் கழுவி, விரல் விரலாக எண்ணெய் தடவி, ஈரம் படாத இடத்தில் தொங்கவிட்டாள். சொந்தப் பிள்ளையின் கையைக்கூட அப்படி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வராதது மழைதான். அந்த வருஷம் இல்லை. மறுவருஷமும் இல்லை. மேல்மண் ஓடாகக் காய்ந்தது. பத்துவிரலான் ஈரம் தேடிக் கீழே போக வேண்டியதாயிற்று. தோண்டக் கை ஏது? வாயால் மண்ணைத் தின்று தின்று வழி செய்தான். நெருக்கடியில் கால்கள் தேய்ந்தன. இருட்டில் கண்கள் அவிந்தன. தோல் உரிந்து உடம்பு சிவந்து கயிறாகிவிட்டது. மேலே சடைச்சி நாள் தவறாமல், "அண்ணே, கூழ்!" என்று வைத்துக்கொண்டுதான் இருந்தாள். குரல் அத்தனை ஆழத்துக்கு எட்டவில்லை. எறும்புகள் குடித்தன.

ஒருநாள் தலைக்கு மேல் தட்டுகிற சத்தம் கேட்டது. மழை! பழக்கத்தில் கைதட்டப் போனான். தட்ட ஒன்றுமில்லை. பரவாயில்லை, இன்றைக்குத்தான் வந்துவிடுமே என்று மேலே ஏறினான்.

சடைச்சியும் கொத்தை எடுத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தாள். வளை வாசல் கரைந்துபோயிருந்தது. "அண்ணே! கை கொண்டாந்திருக்கேன், வாங்க!" என்று கத்தினாள். பத்து விரல் உள்ள ஒருவனை அவள் கண்கள் தேடின.

அவரைக்கொடியின் வேரடியில், சிவப்பாக, கண்ணும் காலும் இல்லாத ஏதோ ஒன்று நெளிந்தது. வேரறுக்கிற புழு என்று நினைத்தாள். புருஷன் விட்டுப்போன அவரையாயிற்றே.

அவனுக்கு அவள் குரல் கேட்டது. 'நான்தான் தங்கச்சி, உன் கூழ் குடித்தவன்' என்று சொல்லப் பார்த்தான். வாய் நிறைய மண். "நாங்... கூழ்..." என்றதோடு சொல் நின்றது. மிச்சமெல்லாம் மண்ணுருண்டைகளாக விழுந்தன.

கொத்து இறங்கியது. அவன் இரண்டு துண்டானான்.

அடித்தது யாருடைய விரல்கள் என்று தெரியாமலா போகும்? 'என் கைக்கே என்னை அடையாளம் தெரியவில்லை' என்றுதான் நினைத்தான். உயிர் இருந்த துண்டை இழுத்துக்கொண்டு மண்ணுக்குள் போய்விட்டான்.

இன்னும் ஒரு நொடி அவன் நின்றிருக்கலாம். அவன் உடம்பு பட்டதுமே அந்தப் பத்து விரல்களும், அவனைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறதுபோல உள்ளே மடங்கின. சடைச்சி அதைப் பார்த்தாள். கீழே கிடந்த மண்ணுருண்டைகளைப் பார்த்தாள். காதில் விழுந்த 'கூழ்' அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மழையில் மண்டியிட்டு விரல்களை நிமிர்த்திப் பார்த்தாள், நிமிரவில்லை. வெறுங்கையால் மண்ணைப் பறித்தாள், அவன் கிடைக்கவில்லை. "அண்ணே, கூழ்! அண்ணே, கூழ்!" என்று இருட்டுகிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தவளை மட்டும் பதில் சொன்னது.

தான் யாரென்று சொல்ல முடியாமல் அவன் குழறிய குழறலே அவனுக்குப் பெயராகி, மண்புழுவை நாங்கூழ் என்று சொல்கிறார்கள். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதல்முதலாகத் தேடி வாங்குகிற சின்னக் கைக்கொத்தைப் பாருங்கள், விரல்கள் உள்பக்கம் மடங்கித்தான் இருக்கும். எந்தக் கொல்லனும் அதை நேராக அடிப்பதில்லை. அந்த மழை தொட்டுத்தான், தூறல் விழுந்தால் போதும், மண்புழு கையைக் கேட்டு மேலே வருகிறது, சொல்ல வந்ததை உருண்டை உருண்டையாக வாசலில் வைத்துவிட்டு, யாரும் வரும் முன்னே திரும்பிப் போய்விடுகிறது.